அரைப் பேர்

உங்கள் கடிதம் அப்புத்தளைத் தபாற்கந்தோருக்கு
ஏழாந்திகதி வந்தது. மழை. முத்திரை கழன்றிருந்தது.
ஸினயிதா ரூமினாவின் பேரைத் துலக்க வேண்டும்,
கேள்விப்பட்டதை எழுது என்கிறீர்கள்.
எழுதுகிறேன். துலங்குமா தெரியாது.

உங்களிடம் இருப்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்:
ஜார் மன்னரின் அரங்கில் பன்னிரண்டு வருஷம்,
ஒரு கோமகன் கொடுத்த வைரம்,
ஆடியது வைரம்தான், அவளில்லை
என்று எழுதிய ஒருவர்,
அவரைப் பொய்யர் என்று எழுதிய இன்னொருவர்,
புரட்சி, கப்பல், பாரிஸில் வாடகைப் பாக்கி.

அதற்குப் பிறகு நாங்கள்.

மூனாங்கட்டைத் தோட்டத்துப் பெரிய துரை
இரண்டு மகள்மாருக்கும் நிமிர்ந்து நடக்கப் பழக்க
அவளைக் கொழும்பிலிருந்து கூட்டி வந்தார்.
தேயிலை விலை விழுந்த காலம்.
சம்பளத்தை எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாமல்
கிளாக்கர் செக்ரோலில் எழுதினார்:
ரஷ்யாத் துரைசானி, அரைப் பேர்.

உங்களுக்கு விளங்காது.
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்.
பெரட்டுக்குப் பிந்தினால் பேரே இல்லை.
நாங்கள் பேரை நிறுத்து வாங்குகிறவர்கள்.

கொழுந்து வராத ஞாயிறு ராத்திரிகளில்
ஸ்டோர் மேல்மாடியில், வாட்டுகிற பலகைத் தளத்தில்
தட், தட், என்று சத்தம் கேட்கும்.
பேய் என்றான் காவற்காரன் வெள்ளையன்.
பேய்க்கு மூச்சு வாங்குமா என்று கேட்டாள் அவன் பெண்சாதி.

இனி, நீங்கள் கேட்காதது.

அவளுடைய வைரத்தோடு ஒன்று காணாமற் போனது.
துரை பொலிசுக்குச் சொன்னார்.
பங்களாக் குசினிப் பையன் அங்கமுத்து, என் மாமா,
வயது பதினாறு.
இவன் எடுத்ததைக் கண்டாயா என்று கோட்டில் கேட்டார்கள்.
அவள் தலையை அசைத்தாள்.
ஆமென்றா இல்லையென்றா,
லயத்தில் இன்னமும் சண்டை.
மொழிபெயர்த்த முதலியார் ஆம் என்று சொல்லிவிட்டார்.
அவள் மறுக்கவுமில்லை.

மாமாவுக்குப் பதுளை மறியலில் மூன்று மாசம்.
வெளியே வந்த அன்று பேர் வெட்டி
பத்துச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள்.
ஊவாவில் எந்தத் தோட்டமும் பிறகு அவரை எடுக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து அவள் செத்தாள்.
கிளப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை.
பிரேதத்தைக் கழுவ ஆள் தேடி
ஃபாதர் லயத்துக்கு வந்தார்.
நான் போறேன் என்று எழும்பியது என் அம்மா மருதாயி,
அங்கமுத்துவின் தங்கச்சி.

"காறித் துப்பத்தான் போனேன்" என்பாள்.
"போர்வைய இழுத்தா, காலு.
பெருவிரல்ல நகமில்ல.
அடுத்த வெரலு அதுமேல ஏறி மடங்கிக் கெடக்கு.
கவ்வாத்து வெட்டுறவன் காலுகூட அப்படி இருக்காது.
எந்த வைரம் ஆடுச்சாம் அந்தக் காலுல?
தண்ணி ஆறிப்போச்சு.
ரெண்டாந்தரம் சுட வச்சேன்."

அலமாரியில் ஒரு சோடிப் பட்டுச் சப்பாத்து.
நுனியில் அடைத்த பஞ்சுக்குள் மடித்த கடதாசி.
அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது,
மடியில் செருகிக்கொண்டு வந்தாள்.
பண்டாரவளை அடைவுகடைச் சீட்டு:
தோடு ஒன்று, கல் வைத்தது, நூற்றெண்பது ரூபா.
திகதி, மாமாவைப் பிடித்ததற்கு நாலு நாள் முந்தி.

அந்தக் காசு எங்கே போனது?
ரீகாவில் ஒரு மகளுக்கு என்கிறார்கள். ஜின்னுக்கு என்கிறார்கள்.
அவளிடம் நாடில்லாதவர்களுக்குக் கொடுக்கிற கடவுச்சீட்டு இருந்ததாம்.
நாற்பத்தெட்டுக்குப் பிறகு
எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே அவள் ஆடினாள் என்று எழுதுங்கள்.
அம்மா சாட்சி.
அங்கமுத்து எடுக்கவில்லை என்பதையும்
அதே பக்கத்தில், அதே எழுத்தில் எழுதுங்கள்.
அடிக்குறிப்பில் வேண்டாம்.

அவள் படம் எங்களிடம் இல்லை.
சீட்டு இருக்கிறது. மாமா சாகும்வரை
அவரிடம் இருந்த ஒரே பத்திரம் அதுதான்.
மழை விட்டதும் டவுனுக்குப் போய்
ஒரு போட்டோக்கொப்பி எடுத்து அனுப்புகிறேன்.
மூலத்தைக் கேட்க வேண்டாம்.